டெலிபோனில் வரும் முறையீடு

வக்கீல் கட்சிக்காரரை நேரில் காணாமலே வழக்கை ஏற்றுக்கொள்வதும், வைத்தியர் நாடி பிடியாமலே மருந்து சொல்வதும், தொழிற்சங்கக் காரியதரிசி அங்கத்தினரின் குறையைக் கைபேசியிலேயே கேட்டு முடிப்பதும் இந்நாளில் சர்வசாதாரணமாகிவிட்டன. 2020-ம் வருஷம் மார்ச்சு மாதம் 25-ந் தேதி தேசமெங்கும் ஊரடங்கு அமுலுக்கு வந்தது. அதே தினத்தில் இந்திய சர்க்கார் தொலைமருத்துவத்திற்கு விதிமுறைகளை வெளியிட்டனர். கோர்ட்டுகளும் வீடியோ மூலம் விசாரணை நடத்தத் தலைப்பட்டன. கொள்ளைநோய் அடங்கியும் அப்பழக்கம் அடங்கவில்லை; அடங்க வேண்டுமென்று நாம் சொல்லவுமில்லை. பஸ் சத்தத்திற்குக் காசில்லாத ஏழைக்கும், கைக்குழந்தையோடு வெளியே வர முடியாத தாய்க்கும் அது பெரிய சௌகரியம். ஆனால் அந்தச் சௌகரியத்திற்குள் ஓர் அபாயம் ஒளிந்திருக்கிறது. நம்மோடு பேசும் ஸ்திரீயின் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதை நாம் அறியோம். அவளை அடிப்பவனே நிற்கலாம்.

இது வெறும் ஊகமன்று. அவ்வருஷம் மார்ச்சு 25 முதல் மே 31 வரை சென்ற 68 நாட்களில், குடும்ப வன்முறையைக் குறித்து தேசிய மகளிர் ஆணையத்திற்கு வந்த புகார்கள் 1,477. அதற்கு முந்திய பத்து வருஷங்களில் அம்மாதங்களில் அவ்வளவு புகார்கள் வந்ததேயில்லை. கணவன் நாள் முழுதும் வீட்டிலேயே இருக்கையில் வாய்விட்டுப் பேச இயலாதென்பதைக் கண்ட ஆணையம், ஏப்ரல் 10-ந் தேதி வாட்ஸாப் மூலம் எழுதி அனுப்புவதற்கென்றே ஓர் எண்ணை ஏற்படுத்திற்று. அதற்கு ஐந்து நாள் முன்பு, ஐக்கிய நாடுகள் சபையின் பிரதம காரியதரிசி குட்டெரெஸ், போர்க்களங்களில் மாத்திரமின்றி வீடுகளுக்குள்ளும் சண்டை ஓய வேண்டுமென்று உலகத்தாருக்கு வேண்டுகோள் விடுத்தார்.

இக்கொடுமை நோயோடு வந்து நோயோடு போனதன்று. 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான ஸ்திரீகளில் நூற்றுக்கு 38.1 பேர் கணவன் கையால் துன்பம் அனுபவித்தவர்கள். இந்தியா முழுவதற்கும் எடுத்த கணக்கு 29.3. கல்வியிலும் கைத்தொழிலிலும் முன்னணியில் நிற்பதாக மார்தட்டும் நாம் இந்த எண்ணைக் கண்டு தலைகுனிய வேண்டும். இன்னொரு கணக்கு இதனினும் வருந்தத்தக்கது. தேசமெங்கும் இவ்வாறு துன்புற்ற ஸ்திரீகளில் பிறர் உதவியை நாடியவர்கள் நூற்றுக்கு 14 பேரே. யாரிடமும் வாய் திறவாதவர்கள் 77 பேர். ஆகவே, ஒரு ஸ்திரீ துணிந்து டெலிபோனை எடுக்கிறாளென்றால், பல நாள் தயங்கி, பல முறை எண்ணை அழித்து, கடைசியில்தான் எடுக்கிறாள் என்பதை நாம் நினைவில் இருத்த வேண்டும். அந்த ஒரு பேச்சை நாம் எவ்வாறு நடத்துகிறோமோ, அதைப் பொறுத்தே அவள் இரண்டாம் முறை பேசுவதும் பேசாதிருப்பதும்.

நெய்வேலியை முன்னிட்டு இதை எழுதக் காரணமுண்டு. அங்கே இக்கொடுமை மற்ற ஊர்களைவிட அதிகமென்பது நமது கருத்தன்று. 1956-ம் வருஷம் நவம்பர் மாதம் 14-ந் தேதி நிலக்கரிக் கார்ப்பொரேஷன் ஏற்பட்டு, மறு வருஷம் மே மாதம் பண்டித நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்த நாள் முதல், பழுப்பு நிலக்கரியையே உயிராகக் கொண்டு வளர்ந்த ஊர் அது. வட்டம் வட்டமாக வகுத்த வீதிகளும், நிழல் மரங்களும், பள்ளிக்கூடங்களும், ஆஸ்பத்திரியும் அமைந்த அழகிய நகரம். ஆனால் வீடு கம்பெனியுடையது, ஆஸ்பத்திரி கம்பெனியுடையது, பக்கத்து வீட்டுக்காரர் கணவனோடு வேலை செய்பவர், எதிர் வீட்டுக்காரர் அவனுடைய மேலதிகாரி. புகார் சொன்னால் அவன் உத்தியோகம் போகுமோ, உத்தியோகம் போனால் குவார்ட்டர்ஸ் போகுமோ, குவார்ட்டர்ஸ் போனால் குழந்தைகளின் படிப்பு என்னாகுமோ என்று அவள் அஞ்சுகிறாள். சுற்றிலுமுள்ள மந்தாரக்குப்பம் முதலிய இடங்களில் குடியிருக்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் மனைவிக்கோ, அந்தக் குவார்ட்டர்ஸும் இல்லை.

இதற்கு மேல் இன்னொன்றுண்டு. கம்பெனியின் வேலை இப்பொழுது நெய்வேலியோடு நிற்கவில்லை. ராஜஸ்தானத்தில் பர்சிங்சர், ஒடிஸ்ஸாவில் தாலபிரா, உத்தரப்பிரதேசத்தில் கட்டம்பூர் என்று தூர தேசங்களுக்குப் பரவியிருக்கிறது. அங்கே மாற்றலாகிச் செல்லும் கணவனோடு செல்லும் பெண்ணுக்குப் பாஷை தெரியாது, உறவினர் இல்லை. ஊரிலுள்ள தாயாரோடும், தமையனோடும், தெரிந்த வக்கீலோடும் அவளைப் பிணைக்கும் கயிறு கைபேசி ஒன்றே.

முகத்தைக் காணாமல் துன்பத்தை அறிவது எப்படி? சில குறிகள் உண்டு. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று 'ஆமாம்', 'இல்லை', 'சரி' என்று மட்டும் சொல்லத் தொடங்குதல். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் காய்கறி விலையைப் பற்றிப் பேசுதல். ஒவ்வொரு கேள்விக்கும் பின்னாலிருந்து ஓர் ஆண்குரல் பதில் கொடுத்தல். அவளுடைய கைபேசியை எப்பொழுதும் கணவனே எடுத்தல். மனு கொடுப்பதாகச் சொன்னவள் காரணமின்றி, புதிதாகவும் கடினமாகவும் உள்ள சொற்களில், 'எனக்கு ஒன்றும் வேண்டாம்' என்று செய்தி அனுப்புதல். வீடியோவில் பேசும்போது அடிக்கடி ஒரு பக்கம் திரும்பிப் பார்த்தல். குரல் கம்மியிருப்பதும், விழுங்கச் சிரமப்படுவதும் ஜலதோஷமாகவும் இருக்கலாம்; கழுத்தை நெரித்ததன் விளைவாகவும் இருக்கலாம். இவற்றில் எந்த ஒன்றும் தனியே ருஜுவாகாது. ஆனால் ஒவ்வொன்றும் ஜாக்கிரதையாகக் கேட்க வேண்டுமென்பதற்கு அறிகுறி.

கேட்பதிலும் முறையுண்டு. முதற் கேள்வி வழக்கைப் பற்றியதாக இருத்தல் கூடாது. 'அம்மா, இப்பொழுது பேசத் தோதுப்படுமா? தனியாக இருக்கிறீர்களா? ஆமாம், இல்லை என்று மட்டும் சொன்னால் போதும்' என்பதே முதற் கேள்வியாக இருக்க வேண்டும். கைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டுக்கொண்டு கணவன் உட்கார்ந்திருந்தால் அக்கேள்வியே ஆபத்தாகாதோ என்று சிலர் கேட்கலாம். உண்மையே, ஆதலால் 'தோதுப்படுமா' என்பதோடு நிறுத்தி, அவள் தயங்கினால், பொதுவான விஷயம் ஒன்றைச் சொல்லி முடித்துவிடுதலே விவேகம். தனியாக இருக்கிறாளென்று நிச்சயமானவுடன், இருவரும் ஒரு குறிப்புச் சொல்லை வைத்துக்கொள்ள வேண்டும். 'சிலிண்டர் வரவில்லை' என்று அவள் சொன்னால் பேச்சை மாற்ற வேண்டுமென்றும், 'ரேஷன் கார்டு' என்று சொன்னால் போலீஸுக்குத் தகவல் கொடுக்க வேண்டுமென்றும் முன்னதாகவே ஏற்பாடு செய்துகொள்ளலாம். பேச்சு நடுவில் அறுந்தால் நாம் திரும்பக் கூப்பிடலாமா, கூடாதா என்பதையும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். அவள் சொல்லாமல் நாம் கூப்பிடுவது, எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்ப்பதாக முடியலாம்.

மேல்நாடுகளிலும் இவ்வாறான உபாயங்கள் கையாளப்பட்டன. ஸ்பெயினுக்குட்பட்ட கானரித் தீவுகளில், 2020-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில், மருந்துக் கடைக்குச் சென்று 'முகக்கவசம் 19' கேட்கும் ஸ்திரீக்கு உதவி தேவையென்று கடைக்காரர் அறிந்துகொள்ளும்படி ஏற்பாடு செய்தார்கள். அதற்கடுத்த மாதம் கனடாவிலுள்ள ஒரு மகளிர் நிறுவனம், உள்ளங்கையைக் காட்டி, கட்டைவிரலை மடக்கி, மற்ற நான்கு விரல்களை அதன்மேல் மூடும் கைச்சைகையைப் பரப்பிற்று. இவை நல்லவையே. ஆனால் ஊரறிந்த சைகையைக் கணவனும் அறிவான். இருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல்லே அதனினும் பத்திரமானது.

நெய்வேலியில் பேசுவதற்கு ஏற்ற நேரத்தை அறிவது எளிது. சுரங்கத்திலும் மின்சார நிலையத்திலும் மூன்று ஷிப்டாக வேலை நடக்கிறது. கணவனுக்கு இந்த வாரம் எந்த ஷிப்டு என்பதை அறிந்துகொண்டால், அவள் எந்நேரம் சுதந்திரமாகப் பேசுவாள் என்பது தானே விளங்கும். ஷிப்டு முடிந்து அவன் வீடு திரும்பும் நேரத்தில் ஒருபோதும் கூப்பிடலாகாது.

இனி, கேட்டறிய வேண்டிய அபாயங்கள் சிலவுண்டு. கழுத்தை நெரித்ததுண்டா? கத்தி, அரிவாள், மண்ணெண்ணெய் இவற்றைக் காட்டிப் பயமுறுத்தியதுண்டா? கொன்றுவிடுவேன் என்றோ, குழந்தைகளோடு தானும் செத்துவிடுவேன் என்றோ சொன்னானா? அவள் கர்ப்பவதியா? அடி வரவர அதிகரிக்கிறதா? அவள் பிரிந்துபோக எண்ணியிருப்பது அவனுக்குத் தெரியுமா? இக்கேள்விகளுக்கு 'ஆம்' என்ற பதில் வருமானால் தாமதிக்க நேரமில்லை. முக்கியமாக, கழுத்தை நெரித்தவன் பின்னால் கொலையும் செய்யக்கூடியவன் என்பது உலகெங்கும் ஆராய்ச்சியாளர் கண்ட உண்மை. வெளியே காயம் தெரியாமலே தொண்டைக்குள் வீக்கம் கண்டு சில மணி நேரம் கழித்து மூச்சு முட்டுவதுமுண்டு. அவளை உடனே வைத்தியரிடம் போகச் சொல்ல வேண்டும். பிரிந்து செல்லும் தருணமே மிகவும் அபாயகரமானது என்பதும் அனுபவ உண்மை. ஆதலின் 'உடனே புறப்பட்டு வந்துவிடு' என்று டெலிபோனில் சொல்வது வீரமாகத் தோன்றினும் விவேகமாகாது. எங்கே போவது, எப்பொழுது போவது, குழந்தைகளின் பள்ளிச் சான்றிதழ், ஆதார் அட்டை, பாங்குப் புத்தகம், மருந்துச் சீட்டு இவற்றை எங்கே வைப்பது, எந்த அண்டை வீட்டில் ஒரு பையைக் கொடுத்து வைக்கலாம் என்பவற்றை அவளோடு கூடி ஆலோசிக்க வேண்டும். தீர்மானம் அவளுடையது. அவள் உயிருக்கு நேரும் அபாயத்தை நம்மைவிட அவளே நன்கறிவாள்.

செய்யத் தகாதவை எவை என்பதையும் சொல்லிவிடுகிறோம். இவ்விஷயத்தில் நமது தேசத் தொண்டர்களும் தொழிற்சங்கத்தாரும் செய்யும் பிழைகள் சாமானியமானவை அல்ல. புகார் வந்தவுடனே கணவனைக் கூப்பிட்டு, 'என்னப்பா, உன் சம்சாரம் இப்படிச் சொல்கிறாளே' என்று விசாரிப்பது முதற் பிழை. அந்தக் கேள்விக்குரிய தண்டனையை அன்றிரவு அனுபவிப்பவள் அவள். இருவரையும் ஒரே வீடியோவில் உட்கார வைத்துச் சமாதானம் பேசுவது இரண்டாவது பிழை. அடிப்பவன் முன்னிலையில் அடிபட்டவள் உண்மையைச் சொல்வாளென்று எதிர்பார்ப்பது பேதைமை. 2006-ம் வருஷத்து விதிகள், ஆலோசனை நடைபெறும்போது கணவன் தன் வன்முறைக்கு நியாயம் கற்பிக்க இடங்கொடுக்கலாகாதென்று கூறுகின்றன. சர்க்கார் ஆலோசகர்களுக்கு இல்லாத அதிகாரம் கட்டப்பஞ்சாயத்துக்காரருக்கு எங்கிருந்து வந்தது? 'ஏன் இத்தனை நாள் பொறுத்தாய்?' என்று கேட்பது மூன்றாவது பிழை. நான்காவது எல்லாவற்றிலும் பெரியது. அவன் நமது கட்சிக்காரன், நமது சங்கத்து அங்கத்தினன், வேலை நிறுத்தத்தில் நம்மோடு தோளோடு தோள் நின்றவன் என்ற காரணத்தால் விஷயத்தை அமுக்கிவிடுவது. தொழிலாளிக்கு முதலாளியிடம் நீதி கேட்கிறவன், தொழிலாளியின் மனைவிக்குத் தொழிலாளியிடம் நீதி கேட்க அஞ்சுவானாயின், அவன் கேட்ட நீதிக்கு என்ன மதிப்பு?

சட்டம் என்ன சொல்லுகிறதென்று பலர் அறியார். 2005-ம் வருஷத்தில் நிறைவேறி, 2006-ம் வருஷம் அக்டோபர் மாதம் 26-ந் தேதி அமுலுக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், அடியை மாத்திரம் வன்முறையென்று சொல்லவில்லை. ஏச்சும், பயமுறுத்தலும், உடலிச்சைக் கொடுமையும், செலவுக்குப் பணம் கொடாமை, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்ளுதல் முதலிய பொருளாதாரக் கொடுமையும் அதில் அடங்கும். பாதுகாப்பு அதிகாரியிடம் தகவல் கொடுப்பது யாராலும் இயலும். நல்லெண்ணத்தோடு கொடுத்தவர்மீது வழக்கு நில்லாதென்று 4-வது பிரிவு அபயமளிக்கிறது. ஆயினும், உயிருக்கு உடனடி அபாயம் நேர்ந்தாலன்றி, அவள் சம்மதமின்றி அதைச் செய்யாதிருத்தல் நலம். மனுவின் முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாட்களுக்குள் வர வேண்டும். அவசரமாயின் எதிரியைக் கேளாமலே மாஜிஸ்ட்ரேட்டு இடைக்கால உத்தரவு பிறப்பிக்கலாம். அவ்வுத்தரவை மீறுகிறவனுக்கு ஒரு வருஷம் வரையில் சிறைவாசமும் 20,000 ரூபாய் வரையில் அபராதமும் உண்டு.

நெய்வேலி ஸ்திரீயின் பயங்களுக்கு இச்சட்டத்திலேயே விடையிருக்கிறது. குவார்ட்டர்ஸ் கணவன் பெயரில் இருப்பினும், அவள் குடியிருந்த வீடு என்ற காரணத்தால் 17-வது பிரிவு அவளுக்கு அதில் வசிக்கும் உரிமையளிக்கிறது. கணவனுடைய உறவினரின் வீடாயினும் அவ்வுரிமை உண்டாகக்கூடுமென்று 2020-ம் வருஷம் அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்திருக்கின்றனர். அவளைத் தெருவில் நிறுத்தும் எண்ணத்தோடு கணவன் வீட்டை விட்டுக்கொடுக்க முயன்றால், கோர்ட்டின் அனுமதியின்றி அவ்வாறு செய்யலாகாதென்று 19-வது பிரிவின்படி தடையுத்தரவு பெறலாம். வேறு வீட்டிற்கு வாடகை கொடுக்கும்படியும் உத்தரவிடலாம். பண உத்தரவை அவன் அலட்சியம் செய்வானாயின், அவன் சம்பளத்தில் ஒரு பகுதியை நேரே அவளுக்குக் கொடுக்கும்படி அவனுடைய எஜமானருக்கே மாஜிஸ்ட்ரேட்டு கட்டளையிடலாமென்று 20-வது பிரிவு கூறுகிறது. மாதச் சம்பளம் தவறாத கம்பெனி ஊரில் இதைவிடப் பலமான ஆயுதம் வேறில்லை. இப்பரிகாரங்கள் சிவில் தன்மையுடையவை. கணவனைச் சிறைக்கனுப்பாமலே அவள் பாதுகாப்பைப் பெறலாம். சிறைத் தண்டனையே வேண்டுமென்ற நிலை வந்தால், 1983-ம் வருஷத்தில் பழைய தண்டனைச் சட்டத்தில் சேர்ந்து, 2024-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி முதல் புதிய நியாய சம்ஹிதையின் 85-வது பிரிவாக விளங்கும் கொடுமைக் குற்றம் இருக்கவே இருக்கிறது.

பர்சிங்சரிலிருந்து தாய்வீட்டிற்கு ஓடிவந்த பெண் ராஜஸ்தானத்துக் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊருக்குரிய மாஜிஸ்ட்ரேட்டிடமே மனு கொடுக்கலாம். அவர் போடும் உத்தரவு இந்தியா முழுவதிலும் செல்லும். வக்கீல் வைக்கப் பணமில்லையே என்று அவள் கவலைப்படவும் வேண்டாம். 1987-ம் வருஷத்துச் சட்டத்தின்படி, வருமானத்தைப் பாராமலே ஸ்திரீகளுக்கு இலவச சட்ட உதவி கிடைக்கும். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். இரவு பகல் எந்நேரமும் 181 என்ற எண்ணில் மகளிர் உதவி மையத்தாரும், 112 என்ற எண்ணில் போலீஸாரும் இருக்கிறார்கள்.

அத்தாட்சி விஷயத்தில் எமது தொழில் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. மனைவியோ கணவனோ இரகசியமாகப் பதிவு செய்த சம்பாஷணையை விவாக வழக்கில் சாட்சியமாக ஏற்கலாமென்று 2025-ம் வருஷம் ஜூலை மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டார் முடிவு செய்தனர். அதைக் கண்டு 'எல்லாவற்றையும் பதிவு செய்யுங்கள்' என்று கட்சிக்காரரிடம் சொல்லிவிடுவது எளிது. அந்தப் பதிவு கணவன் கண்ணில் பட்டால் நேருவதென்ன என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். பல வீடுகளில் மனைவியின் கைபேசியைக் கணவனே திறந்து பார்க்கிறான். அவளுடைய வாட்ஸாப் அவனுடைய கணினியிலும் ஓடிக்கொண்டிருக்கலாம். அவள் போகுமிடத்தைக் காட்டும் செயலி அதில் புதைந்திருக்கலாம். ஆதலால் மனுவின் நகலை அவள் கைபேசிக்கு அனுப்புதல் கூடாது. அனுப்பும் முன் கேட்க வேண்டும். முடிந்தால் நம்பிக்கையான வேறொருவர் கைபேசியில் பேச வேண்டும். சந்தேகத்திற்குரிய செயலியை உடனே அகற்றச் சொல்வதும் ஆபத்தே. அகற்றியதை அவன் அறிந்துகொள்வான்.

'சட்டத்தைத் துர்விநியோகம் செய்யும் ஸ்திரீகள் இல்லையா?' என்று ஒரு கேள்வி எழும். இருக்கலாம், பொய் வழக்கு இல்லாத சட்டம் எது? பொய்க் கடன் பத்திரம் எழுதுவோர் இருக்கிறார்களென்று கடன் வழக்குகளை யாரும் எடுத்துவிடவில்லை. உண்மையும் பொய்யும் ஆராய்ந்து முடிவு சொல்லுவது கோர்ட்டின் வேலை. டெலிபோனை எடுத்தவனுடைய வேலை, அவள் சொல்வதை அவமதியாமல் கேட்பதும், அவளை உயிரோடு கோர்ட்டு வாசல் வரையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுமே.

சர்க்காருக்கும் கடமையுண்டு. பாதுகாப்பு அதிகாரிகள் போதிய அளவில் இல்லையென்ற குறையைக் கேட்டு, மாவட்டந்தோறும் தாலூகாதோறும் அவர்களை நியமிக்கும்படி 2025-ம் வருஷம் மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டார் ராஜ்யங்களுக்கு உத்தரவிட்டனர். சட்டம் அமுலுக்கு வந்து பதினெட்டு வருஷங்களுக்கு மேல் சென்ற பிறகும் இப்படி ஓர் உத்தரவு தேவைப்பட்டதே! நெய்வேலியில் செய்யக்கூடிய காரியங்களோ பெருஞ் செலவு வேண்டாதவை. ஒவ்வொரு சங்கமும் இப்புகார்களைக் கேட்பதற்கென்று பயிற்சி பெற்ற ஒரு ஸ்திரீயை நியமிக்கலாம். கம்பெனி தன் ஆஸ்பத்திரியின் தொலைபேசி ஆலோசனையில் தனிமையை விசாரிக்கும் கேள்வியை முதலில் வைக்கலாம். தூர இடங்களுக்கு மாற்றப்படும் குடும்பங்களுக்கு 181 முதலிய எண்களையும், அவ்விடத்துப் பாதுகாப்பு அதிகாரியின் விலாசத்தையும் முன்னதாகவே தெரிவிக்கலாம். வக்கீல் சங்கத்தார் தாலூகா சட்ட உதவிக் கமிட்டியோடு கூடி, இளம் வக்கீல்களுக்கு இப்பயிற்சியை அளிக்கலாம்.

பூமிக்கடியில் புதைந்து கிடந்த நிலக்கரியைத் தோண்டியெடுத்து நாட்டுக்கு விளக்கேற்றிய ஊர் நெய்வேலி. அவ்வூரிலும், நமது எல்லா ஊர்களிலும், சுவர்களுக்குள் புதைந்து கிடக்கும் இந்தத் துன்பத்தை வெளிக்கொணர யந்திரம் ஒன்றும் தேவையில்லை. டெலிபோன் மணி அடிக்கும்போது பொறுமையோடு கேட்கும் காதும், கேட்டதைப் பிறரிடம் சொல்லாத வாயும், சொன்ன நேரத்தில் தவறாமல் உதவும் கையும் இருந்தாற் போதும். 1947-ல் நாம் அடைந்த சுதந்திரம் வீட்டு வாசற்படியோடு நின்றுவிடுமானால் அது பாதிச் சுதந்திரமே. மற்றப் பாதியை அடைவது ஆண்மக்களாகிய நமது முயற்சியையும் பொறுத்ததென்பதை நேயர்கள் மறவாதிருப்பார்களாக.